ஆறாம் மாடியில் சொன்ன ஓம்

அந்தக் கட்டடத்துக்கு ஐந்து மாடிகள்தான். ஆறாம் மாடி அன்ரனிற்றாவுடையது.

வாசலில் தொங்கும் பலகையில் அது இல்லை. தீயணைப்புப் படையினர் ஒட்டிவைத்த வரைபடத்திலும் இல்லை. அங்கே போக ஒரேயொரு வழிதான் உண்டு. பற்றர்நொஸ்ரர்.

ஜெர்மனியின் பழைய நகரமண்டபங்கள் சிலவற்றில் அப்போதும் ஓடிக்கொண்டிருந்த ஒரு வகை லிஃப்ற் அது. கதவில்லை, பொத்தானில்லை, நிற்கும் பழக்கமும் இல்லை. ஜெபமாலை மணிகளைப்போல மரப்பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு பக்கம் ஏறிக்கொண்டேயிருக்கும், மறுபக்கம் இறங்கிக்கொண்டேயிருக்கும். ஓடுகிற பெட்டியில் காலை வைத்து ஏற வேண்டும். வேண்டிய மாடி வந்ததும் காலை வைத்து இறங்க வேண்டும். ஐந்தாம் மாடியில் இறங்காவிட்டால் பெட்டி தலைகீழாகக் கவிழும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களைப் பயமுறுத்துவார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. பெட்டி இருட்டுக்குள் போகும். சங்கிலிகள் முனகும். கிறீஸ் மணக்கும். தொட்டில் ஆட்டியது போல மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து, மறுபக்கத்தால் வெளிச்சத்துக்கு வரும்.

அந்த இருட்டுத்தான் ஆறாம் மாடி.

அன்ரனிற்றா வேலை செய்தது மூன்றாம் மாடியில், வெளிநாட்டவர் பிரிவில். எட்டு வயதில் மன்னாரிலிருந்து தாய் தகப்பனோடு வந்தவள். இங்கேயே படித்து, இதே நகரசபையில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்து, ஒரு மேசையும் ஒரு முத்திரையும் கழுத்தில் தொங்கும் ஓர் அடையாள அட்டையும் பெற்றவள். அட்டையில் ‘அன்ரனிற்றா அந்தோனிப்பிள்ளை’ என்ற முழுப்பெயர் இரண்டு வரிக்கு ஓடும். ஜெர்மன்காரர்களுக்கு அதை வாசிக்க ஏலாது. எதிரில் வந்து இருக்கும் தமிழர்களுக்கோ வாசித்தவுடன் முகம் மலரும். அந்த மலர்ச்சிக்குத்தான் அவள் பயந்தாள். ஏனென்றால் பெரும்பாலான நாட்களில் அவள் சொல்ல வேண்டியிருந்தது ‘இல்லை’ என்ற ஒரு சொல்லைத்தான். சட்டம் ‘இல்லை’ என்றது, மேலிடம் ‘இல்லை’ என்றது. அதை வாயால் சொல்வது மட்டும் அவளுடைய வேலை.

அந்தச் சொல்லோடு நாள் முழுக்க இருக்க ஒவ்வொருவருக்கும் ஒரு தந்திரம் இருந்தது. பக்கத்து மேசை ஊஷி, ஜன்னலில் கள்ளிச்செடிகள் வளர்த்தாள். மேலதிகாரியிடம் சொல்ல முடியாததையெல்லாம் செடிகளிடம் சொல்லித் திட்டினாள். மேலதிகாரி பிறிங்மன் ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் மேசை லாச்சியிலிருந்து தூரிகையை எடுத்துத் தன் சப்பாத்தைத் துடைப்பார். கூட்டம் எவ்வளவு மோசமோ, சப்பாத்து அவ்வளவு மினுங்கும்.

அன்ரனிற்றாவுக்கு ஆறாம் மாடி.

நெஞ்சு அடைத்துக்கொண்டு வரும்போது எழுந்து போய் ஒரு பெட்டியில் ஏறுவாள். நான்காம் மாடியிலேயே கண்ணை மூடிவிடுவாள். ஐந்து கடந்து இருட்டு விழுந்ததும் அங்கே ஒரு கூடம் விரியும். தரை ஈரமாக, கண்ணாடி போல இருக்கும். மேசை கிடையாது. அவள் இல்லையென்று அனுப்பியவர்கள் எல்லோரும் அந்தக் கூடத்தில் அமைதியாக நிற்பார்கள். கொசோவோவிலிருந்து வந்த தாய், லெபனான் முடிவெட்டுகிறவர், ஊமை போலிருந்த அந்த அங்கோலாப் பையன். எல்லோரும் தமிழில்தான் கேட்பார்கள்.

எனக்குக் கிடைக்குமோ?

ஓம், கிடைச்சிட்டுது, போட்டு வாங்கோ என்று விடைகொடுத்து அனுப்புவாள் அவள். அவர்கள் குளிர்காலத்து மூச்சைப்போலக் கரைந்து போவார்கள். வெளிச்சம் வரும். மூன்றாம் மாடியில் இறங்குவாள். இறங்கியபின் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது அவள் தனக்குத்தானே வைத்த விதி. பிறகு அடுத்த ‘இல்லை’யைக் குரல் நடுங்காமல் சொல்ல முடியும்.

இதில் ஆபத்து ஏதும் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை வரையில்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு வைகாசி. முதல்நாள் வியாழன், ஆண்டவர் விண்ணேறிய பெருநாள், விடுமுறை. வெள்ளிக்கும் விடுப்பு எடுத்தால் நான்கு நாள் சேர்ந்து வரும் என்பதால் பாதிக் கந்தோர் காலி. விடுப்பில் போனவர்களின் ஆட்களும் அன்று அன்ரனிற்றாவின் தலையில். அதுவும் சாதாரண நாள் இல்லை. டுல்டுங் என்ற தற்காலிகக் கடதாசியோடு ஆண்டாண்டாக இழுபட்டவர்களுக்கு நிரந்தரமாக இருக்க ஒரு வழி திறந்திருந்தது. அதற்கான அன்ராக் என்ற விண்ணப்பம் கொடுக்க அதுதான் கடைசி நாள். கந்தோருக்குள், அலுவலருக்கு முன்னால், பகல் பன்னிரண்டு மணிக்குமுன் கையொப்பம் வைக்க வேண்டும். அதற்குமேல் ஒரு நிமிடமும் இல்லை என்று பிறிங்மன் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

காலையில் ஓர் இளம் தாய் வந்தாள். வேண்டிய வருடங்களுக்குச் சில மாதங்கள் குறைவு. அன்ரனிற்றா ‘இல்லை’ என்றாள். அந்தப் பெண் அழவில்லை. எழுந்து, கதிரையை ஒழுங்காக உள்ளே தள்ளி வைத்து, நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த நன்றிதான் நெஞ்சில் சிக்கியது.

அன்ரனிற்றா எழுந்து போனாள். வந்த பெட்டியில் ஏறினாள். மூலையில் ஒரு பழைய மேலங்கி குந்தியிருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. கண்ணை மூடினாள். நான்கு. ஐந்து. இருட்டு. கண்ணாடித் தரை விரிந்தது.

“எனக்குக் கிடைக்குமோ, பிள்ளை?”

கரகரத்த ஆண்குரல். யாரென்று அவள் தேடவில்லை. அங்கே யாரையும் தேட வேண்டியதில்லை.

“ஓம் அண்ணை. உங்களுக்குக் கிடைச்சிட்டுது. பயப்பிடாமல் போட்டு வாங்கோ.”

இருட்டில் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். இதுவரை ஒருவரும் அங்கே அப்படி மூச்சு விட்டதில்லை. அன்றைக்குக் கனவு கொஞ்சம் ஆழம் என்று நினைத்துக்கொண்டாள். வெளிச்சம் வந்தது. மூன்றாம் மாடியில் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்கு ஒருவருக்கு ரெர்மின், முன்பதிவு, இருந்தது. விடுப்பில் போன ஒருவரின் ஆள். பெயர் பரராசசிங்கம், உணவகமொன்றில் சமையல் உதவி, பதினொரு வருடமாக டுல்டுங், மூன்று மாதத்துக்கொருமுறை நீட்டிப்பு. மனைவி யாழ்ப்பாணத்தில். வேலை உண்டு, வீடு உண்டு, குற்றம் எதுவுமில்லை. ஃபைலைப் புரட்டியபோதே அவளுக்குக் கை லேசாகியது. இது ‘இல்லை’ சொல்ல வேண்டிய ஆள் இல்லை. கையொப்பம் வைத்துவிட்டால் போதும், மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்ளலாம். வைக்காவிட்டால் நாளைக்கு அவருக்கு இந்தக் கதவே இல்லை.

நடைபாதையில் எட்டிப் பார்த்தாள். வாங்குகள் வெறுமையாக இருந்தன. பெயரைக் கூப்பிட்டாள். கள்ளிச்செடிகளோடு கதைத்துக்கொண்டிருந்த ஊஷிதான் திரும்பினாள்.

கால்மணி நேரம் போனது. கீழே வாசலில் இருக்கும் காவலாளி ஷோல்ஸுக்குத் தொலைபேசி எடுத்து, பரராசசிங்கம் என்று தமிழர் யாரும் வந்தாரா என்று கேட்டாள்.

வந்தாரே என்றார் ஷோல்ஸ் உற்சாகமாக. பத்து மணிக்கே வந்துவிட்டாராம். சாதாரண லிஃப்ற் பழுது, கைத்தடி ஊன்றிய, முழங்கால் ஏலாத மனிதர், படி ஏற முடியாது, ஆகவே ஷோல்ஸ்தான் அவரைப் பற்றர்நொஸ்ரரில் ஏற்றிவிட்டாராம். பாவம், ஓடுகிற பெட்டியிலிருந்து காலை எடுத்து வைக்கப் பயந்து, இறங்கத் தெரியாமல், மூலையில் குந்தியபடியே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாராம். கடைசியில் ஷோல்ஸே கையைப் பிடித்து இறக்கிவிட்டாராம்.

இப்போது எங்கே?

போய்விட்டார். ஒரே சிரிப்பு. எனக்கு ஒரு ரொஃபியும் தந்துவிட்டுப் போனார். மேலே இருட்டுக்குள் ஒரு தமிழ்ப் பெண் அதிகாரி வந்து எல்லாம் சரி என்று சொல்லிவிட்டாளாம்.

அன்ரனிற்றாவின் கையிலிருந்த தொலைபேசி கனத்தது.

மூலையில் குந்தியிருந்த மேலங்கி. நீளமாக வந்த மூச்சு. கழுத்தில் தொங்கிய அட்டையை, ஐந்தாம் மாடி வெளிச்சம் மறையுமுன் அவர் வாசித்திருப்பார். இந்த நாட்டில் வாயால் சொன்ன சொல்லுக்குப் பெறுமதியில்லை, எழுத்தில் இருந்தால்தான் அது சொல். அது அவளுக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? பதினொரு வருடமாக அதிகாரி வா என்றால் வந்தும், போ என்றால் போயும் பழகிய மனிதர். போட்டு வாங்கோ என்று அவள் சொன்னாள். போய்விட்டார்.

மேலங்கியையும் எடுக்காமல் படிகளில் இறங்கி ஓடினாள்.

வெளியே நகரம் பாதி நித்திரையில் கிடந்தது. கடைகளில் அரைவாசி பூட்டு. ட்ராம் தண்டவாளத்தில் வெயில் நீளமாகப் படுத்திருந்தது. விடுமுறை நேர அட்டவணை என்பதால் ட்ராம் எப்போதாவதுதான். தரிப்பிடத்தில் அவர் இல்லை. ரொட்டிக்கடையில் இல்லை. ஓடுகிறோமா, கனவில் ஓடுவதுபோல நின்ற இடத்திலேயே கால் அடிக்கிறோமா என்று அவளுக்கு விளங்கவில்லை.

அப்போதுதான் எதிரில் அந்தக் கடை தெரிந்தது. வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுக்கும் கண்ணாடிக் கூண்டுகள் வரிசையாக உள்ள கடை. கூண்டொன்றுக்குள் பழைய மேலங்கி, சாய்த்து வைத்த கைத்தடி. ஒரு மனிதர் திரும்பத் திரும்ப இலக்கங்களை அமத்திக்கொண்டிருந்தார். சண்டை மறுபடி தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்கு லைன் இலேசில் கிடைப்பதில்லை. அன்று அது கிடைக்காதிருந்தது ஆண்டவர் புண்ணியம் என்று அவள் நினைத்த அதே வினாடியில், கிடைத்துவிட்டது.

“ஹலோ, ஞானம்? கேக்குதோ? ஞானமலர், நான்தான்…”

அன்ரனிற்றா கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தாள். அவர் திரும்பினார். அவளை அடையாளம் கண்டு முகம் மலர்ந்தது. அவள் பயந்த அதே மலர்ச்சி. அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று ஆட்டினாள். சொல்லாதீர்கள் என்று ஆட்டினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு மெல்ல மெல்ல அணைந்தது.

“ஒண்டுமில்லை, ஞானம்,” என்றார் அவர், அவளைப் பார்த்துக்கொண்டே. “சும்மாதான் எடுத்தனான். சாப்பிட்டியோ?”

அவர் வெளியே வந்ததும் அன்ரனிற்றா மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். அது கனவு என்றாள். தான் தினமும் காணும் கனவு என்றாள். கையொப்பம் இன்னும் வைக்கப்படவில்லை, பன்னிரண்டுக்குமுன் வைத்தால் மட்டும்தான் உண்டு என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது பைத்தியக்கதையாகக் கேட்டது.

“அப்ப மேல என்னோட கதைச்சது ஆர்?”

“நான்தான் அண்ணை. ஆனா நான் உங்களை உண்மையான ஆளெண்டு நினைக்கேல்லை.”

பரராசசிங்கம் கைத்தடியை எடுத்தார். “அதுக்கென்ன பிள்ளை. இஞ்ச பதினொரு வருசமா ஒருத்தரும் அப்பிடி நினைக்கேல்லைத்தானே.”

கோபமில்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

தெருவைக் கடந்தார்கள். வாசலில் ஷோல்ஸ் இல்லை. படிகளைப் பார்த்ததும் அவர் முழங்காலைத் தொட்டார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பற்றர்நொஸ்ரர் அதன் பாட்டில் முனகியபடி ஏறிக்கொண்டிருந்தது.

“என்ர கையைப் பிடியுங்கோ. நான் சொல்லேக்க காலை வையுங்கோ. இப்ப!”

ஏறிவிட்டார். முதலாம் மாடி போனது. இரண்டாம் மாடி, நாய் வளர்ப்பவர்களிடம் வரி வாங்கும் நாய்வரிப் பிரிவு, மெல்லக் கீழே இறங்கிப் போனது. மூன்றாம் மாடியின் தரை அவர்களின் கழுத்து மட்டத்துக்கு வந்தது.

பெட்டி நின்றது.

சங்கிலிகளின் முனகல் அடங்கியது. எப்போதும் ஓடுகிற ஒன்று நிற்கும்போது வருகிற அமைதி காதை அடைத்தது. அன்ரனிற்றா கண்ணை இறுக மூடித் திறந்தாள். வெள்ளிக்கிழமைகளில் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னதாகவே தானியங்கி விசை அதை நிறுத்திவிடும். கந்தோரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதில் தினமும் போகிறவள் மறந்துவிட்டாள்.

“இதுவும் கனவோ, பிள்ளை?” என்று கேட்டார் பரராசசிங்கம்.

“இல்லை அண்ணை,” என்றாள் அவள். அன்று முழுவதும் சொன்ன ‘இல்லை’களில் அது ஒன்றுதான் இனித்தது. பிறகு குரலை உயர்த்தி ஊஷியைக் கூப்பிட்டாள்.

ஓடிவந்த ஊஷி இரண்டு தலைகளைத் தரைமட்டத்தில் கண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். விளக்கம் கேட்கவில்லை, அத்தனை வருடம் கள்ளிச்செடிகளோடு கதைத்தவளுக்கு எதுவும் விசித்திரமாகப் படாது. அன்ரனிற்றா கேட்டபடி திரும்ப ஓடிப்போய் அன்ராக், பேனா, திகதி முத்திரை மூன்றையும் கொண்டுவந்தாள். நடைபாதையில் குப்புறப் படுத்து, கையை நீட்டி, ஒவ்வொன்றாக இறக்கினாள். பரராசசிங்கம் பெட்டியின் சுவரில் கடதாசியை வைத்து எழுதத் தொடங்கினார். நீளமான பெயர். அவசரப்படாமல், ஓர் எழுத்தும் விடாமல் எழுதினார்.

அவர் கடைசி எழுத்துக்கு வருமுன் ஊஷியின் தலைக்குப் பக்கத்தில் ஒரு சோடிச் சப்பாத்து வந்து நின்றது.

அப்படி மினுங்கிய சப்பாத்தை அன்ரனிற்றா அதுவரை கண்டதில்லை. அன்றைய காலைக் கூட்டம் அவ்வளவு மோசம் போலும்.

பிறிங்மன் கீழே குனிந்து பார்த்தார். அலுவலருக்கு முன்னால் என்பது சரி, கந்தோருக்குள் என்பதும் சரி, ஆனால் இந்த இடம் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தார். இரண்டாம் மாடியென்றால் அது நாய்வரிப் பிரிவின் எல்லை.

ஊஷி படுத்தபடியே பதில் சொன்னாள். கால் இரண்டும் நாய்வரியில்தான் இருக்கின்றன, தலை நம்முடைய பிரிவில் இருக்கிறது, மனிதர் கையொப்பம் வைப்பது தலையால்தானே, ஹெர் பிறிங்மன்.

பிறிங்மன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அன்ரனிற்றா முத்திரையை ஓங்கியபடி அவர் முகத்தைப் பார்த்தாள். எங்கோ தேவாலய மணி அடிப்பதற்குமுன் இழுக்கும் அந்த மூச்சு நகரத்தின்மேல் நின்றது.

முத்திரை விழுந்தது. அதற்குப் பிறகுதான் மணி விழுந்தது.

“மால்சைற்,” என்றார் பிறிங்மன். நண்பகலில் ஜெர்மன் கந்தோர்களின் நடைபாதைகளில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் சாப்பாட்டு நேரத்து வணக்கம் அது. அதைச் சொல்லிவிட்டால் பிறகு யாரும் எதையும் கேட்பதில்லை. சப்பாத்துகள் மினுங்கிக்கொண்டே போய் மறைந்தன. ஊஷி கடதாசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்பினாள்.

கொஞ்சநேரத்தில் ஷோல்ஸ் கீழறைக்குப் போய் விசையைக் கையால் திருப்பினார். சங்கிலிகள் முனகின. பெட்டி அசைந்து ஏறியது. மூன்றாம் மாடி தரைக்குத் தரை வந்தபோது அன்ரனிற்றா அவர் கையைப் பிடித்தாள்.

“ஒருக்கா மேல போட்டு வருவம், பிள்ளை.”

அவள் கையை விட்டாள். நான்கு போனது. ஐந்து போனது. அவள் கண்ணை மூடவில்லை.

இயந்திரத்தைச் சரிபார்க்க ஷோல்ஸ் மேலேயும் விளக்கைப் போட்டிருந்தார். முதன்முறையாக ஆறாம் மாடியில் வெளிச்சம். வண்டிச் சில்லு போல ஒரு பெரிய இரும்புச் சக்கரம். கிறீஸ் படிந்த செங்கல் சுவர். பிடி உடைந்த தும்புத்தடி. யாரோ மறந்த ஒற்றைக் கையுறை. அவ்வளவுதான். குளியலறையைவிடச் சின்ன இடம். இதற்குள்ளேயா அத்தனை பேரையும் நிறுத்தி வைத்திருந்தேன் என்று அவளுக்குள் ஏதோ கூசியது. கொசோவோத் தாயும் முடிவெட்டுகிறவரும் அந்தப் பையனும், கதிரையைத் தள்ளி வைத்துவிட்டு நன்றி சொல்லிப்போன பெண்ணும் இங்கே இருந்ததேயில்லை. அவர்கள் எல்லோரும் வெளியே எங்கேயோ, அவளுடைய ‘இல்லை’யோடுதான் இருந்தார்கள்.

“எனக்குக் கிடைக்குமோ, பிள்ளை?”

அதே குரல். இந்த முறை முகம் தெரிந்தது. மூன்று நாள் தாடி, இடது புருவத்தில் எண்ணெய் சுட்ட தழும்பு, ஈரமான கண்கள். ‘ஓம்’ அவள் உதடுவரை வந்தது. பழக்கம். அதை விழுங்கினாள்.

“திங்கக்கிழமை உங்கட ஃபைலைத் திறப்பன். ஒவ்வொரு கடதாசியா நானே பாப்பன். பிறகு எழுத்திலை சொல்லுவன், அண்ணை. அதுவரைக்கும் ஞானமலர் அக்காவுக்குச் சொல்லாதேங்கோ.”

அவர் யோசித்தார். தலையை ஆட்டினார்.

“அது நல்ல கதை. உதுக்கு ஒரு ரொஃபி தரலாம்,” என்று மேலங்கிப் பையைத் தடவினார்.

ஐந்து. நான்கு. மூன்றாம் மாடி கீழிருந்து எழுந்து வந்தது. அவள் கை நீட்டுமுன்னரே அவர் தானாகக் காலை எடுத்து வைத்தார். கைத்தடி தரையில் ஒருமுறை தட்டியது. அவள் பின்னால் இறங்கினாள்.

இறங்கியதும் திரும்பினாள். பெட்டி காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் அது தரைக்குக் கீழே மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த பெட்டி வந்தது. அதையும் பார்த்தாள்.